விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாறிய மூன்றாம் வாரத்தில் ரூட் பிரிவு நிரம்பிவிட்டது, எதை அழிப்பது?

அச்சுக்கோப்பு | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சிறிய டிடிபி கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவையே என் அன்றாட வேலை. கடையில் உள்ள கணினி இன்டெல் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது என்பதால் அதில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், வழக்கமாக வந்து பழுது பார்க்கும் தம்பியிடம் சொல்லி உபுண்டு 24.04 நிறுவிக்கொண்டேன். 240 ஜிபி எஸ்எஸ்டியில், இயங்குதளம் இருக்கும் ரூட் பிரிவுக்கு 30 ஜிபியும், எஞ்சியதை என் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கும் ஒதுக்கித் தந்தார்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நேற்று முதல் 'வட்டில் இடம் குறைவு' என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. புதுப்பித்தல் நடப்பதில்லை. அச்சுக்கு அனுப்பினால் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரம்) வட்டின் இடக்கணக்கைக் காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்துப் பார்த்தபோது ரூட் பிரிவின் மொத்தம் 30 ஜி, பயன்பட்டது 28 ஜி, மீதம் 0, நூறு விழுக்காடு என்று காட்டுகிறது. முப்பதில் இருபத்தெட்டு போனால் இரண்டு இருக்க வேண்டுமல்லவா? ஹோமில் 189 ஜியில் 46 மட்டுமே பயன்பட்டிருக்கிறது; அங்கே இடம் தாராளமாகக் கிடக்கிறது.

இன்னொன்றும் என்னைக் கலங்க வைத்தது. வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். லூப்0, லூப்1 என்று தொடங்கி லூப்13 வரை பதினான்கு வரிகள் வந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் நூறு விழுக்காடு என்று இருக்கிறது. வட்டைப் பதினான்கு துண்டாக நறுக்கி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார்களோ என்று ஐயமாக உள்ளது. முகூர்த்த மாதம், கையில் வேலை குவிந்திருக்கிறது. எதை அழித்தால் பிரச்சினை தீரும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


கருப்பட்டி | திங்கள், இரவு 10.15

வணக்கம். முதலில் உங்கள் இரண்டு ஐயங்களைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் பிரச்சினையே அல்ல.

லூப் வரிகள், ஸ்னாப் என்ற உபுண்டுவின் பொதி வடிவில் வரும் செயலிகளுடையவை. ஒவ்வொரு ஸ்னாப்பும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக வருகிறது. உபுண்டு அதைத் தனி வட்டு போல ஏற்றிக்கொள்கிறது. அதில் யாரும் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். ஆகவே அது எப்போதும் நூறு விழுக்காடு நிரம்பியதாகத்தான் காட்டும். மூடி முத்திரையிட்ட ஊறுகாய்ப் புட்டி நிரம்பியிருப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

காணாமற்போன 2 ஜியில் பெரும்பகுதி ஒதுக்கீடு. உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை உருவாக்கும்போது இயல்பாகவே 5 விழுக்காடு இடம் ரூட் பயனருக்கென்று, அதாவது கணினியின் நிர்வாகிக்கென்று, தனியாக வைக்கப்படும். 30 ஜிபியில் அது 1.5 ஜிபி ஆகிறது. டிஎஃப் தசமத்தை மேல்நோக்கி முழு எண்ணாக்கிவிடுவதால் மிச்சக் கணக்கு கொஞ்சம் இடிக்கும். வட்டு நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே நுழைந்து சரிசெய்ய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நீங்கள் இன்னமும் கணினியைத் திறக்க முடிகிறதென்றால் அதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அச்சு நிற்பதற்குக் காரணமும் இதுவே. அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் சேவை ரூட்டாக ஓடினாலும், கோப்பை அச்சுப்பொறிக்கு ஏற்ற வடிவமாக மாற்றும் வடிகட்டிகள் எல்பி என்ற சாதாரணப் பயனரின் பெயரில் ஓடுகின்றன. அந்த ஒதுக்கீட்டில் அவற்றுக்குப் பங்கு கிடையாது.

இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எண்ணும் டியு கட்டளை கீழே உள்ளது; அதை ஓட்டி வெளியீட்டை இங்கே இடுங்கள். நம் இழைகளின் வழக்கப்படி கட்டளையைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். சுடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டுவதற்கு.

சுடோ டியு -எக்ஸ் -எச் -டி1 /

அதிலுள்ள எக்ஸ் முக்கியம். அது இல்லாவிட்டால் ஹோமையும் வெளி வட்டுகளையும் சேர்த்து எண்ணிக் கணக்கைக் குழப்பிவிடும். கூடவே, கோப்புகளின் எண்ணிக்கைக் கணக்கைக் காட்டும் 'டிஎஃப் -ஐ' வெளியீட்டையும் தாருங்கள்.


அவசரக்காரன் | திங்கள், இரவு 10.32

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. வார் கோப்புறைக்குள் இருப்பதெல்லாம் தற்காலிகக் கோப்புகள்தாம். உள்ளே போய் மொத்தமாக அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். நான் பல முறை கேஷையும் (தற்காலிகச் சேமிப்பு) லாகையும் (பதிவேடு) அப்படித்தான் அழித்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.


முனையவாசி | திங்கள், இரவு 10.50

அச்சுக்கோப்பு ஐயா, மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். வார் கோப்புறையில் கேஷும் லாகும் இருப்பது உண்மை. ஆனால் அதே கோப்புறையில் லிப் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் டிபிகேஜி என்ற சிறிய கோப்புறை இருக்கிறது. உங்கள் கணினியில் எந்தெந்த மென்பொருள், எந்தப் பதிப்பு நிறுவப்பட்டுள்ளது என்ற பேரேடு அதுதான். அதை அழித்தால் மென்பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் அவை இருப்பதே, மென்பொருள்களை நிறுவும் ஏபிடிக்குத் தெரியாது.

கல்லூரியில் படித்தபோது இடம் போதவில்லை என்று நான் செய்த காரியம் இதுவேதான். அழித்த மறு நிமிடம் கணினி நன்றாகவே ஓடியது. தப்பித்துவிட்டோம் என்று மகிழ்ந்தேன். மறுநாள் ஒரு சிறிய நிரலை நிறுவப் போனபோது, அடிப்படை நூலகங்கள் முதல் எல்லாவற்றையும் மீண்டும் இறக்க வேண்டும் என்று ஏபிடி ஒரு நீண்ட பட்டியலை நீட்டியது. அன்று மாலை முழு நிறுவலையும் புதிதாகச் செய்தேன். வார் கோப்புறைக்குள் கைவைப்பவர்கள் கேஷுக்கும் லிப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு கைவைக்க வேண்டும்.


அவசரக்காரன் | திங்கள், இரவு 11.04

கேஷையும் லாகையும் மனத்தில் வைத்துத்தான் சொன்னேன். 'மொத்தமாக' என்று எழுதியது என் தவறு; ஒப்புக்கொள்கிறேன்.


அச்சுக்கோப்பு | செவ்வாய், காலை 8.20

இருவருக்கும் நன்றி. நல்ல வேளையாக இரவே படுத்துவிட்டேன், எதையும் அழிக்கவில்லை. டியு வெளியீடு இது:

யுஎஸ்ஆர் 7.4 ஜி
வார் 6.2 ஜி
ஸ்வாப்.ஐஎம்ஜி என்ற கோப்பு 4.0 ஜி (இது டியு பட்டியலில் தனியாக வரவில்லை, ரூட்டில் எல்எஸ் கொடுத்துப் பார்த்தேன்)
ஆப்ட் 0.5 ஜி
பூட் 0.3 ஜி
மற்றவை எல்லாம் சேர்ந்து 0.1 ஜி

மொத்தம் என்று கடைசி வரியில் காட்டுவது 18.5 ஜி. டிஎஃப் -ஐ கொடுத்ததில் ரூட் பிரிவில் 22 விழுக்காடு என்று வருகிறது. இதில் எது பூதம் என்று எனக்குப் புரியவில்லை. வார் கோப்புறையா?


மாடித்தோட்டம் | செவ்வாய், காலை 9.05

ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் செலவாகும் குறிப்பேட்டு இடம், 22 விழுக்காடுதான் என்றால் அந்தப் பக்கம் கவலையில்லை. ஐநோடு தீர்ந்துபோவது, இடம் இருந்தும் இடமில்லை என்று கணினி சொல்லும் நோய். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் வரும். 30 ஜிபி எக்ஸ்ட்4 பிரிவில் ஏறத்தாழ 19.6 லட்சம் கோப்புகளுக்கு இயல்பாகவே இடம் இருக்கும், ஏனென்றால் 16 கேபிக்கு ஒரு ஐநோடு என்பது அதன் வழக்கமான கணக்கு.

கணினியின் நிலையை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் நிரலை நிறுவியிருக்கிறீர்களா? அதை ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் நிரல்) முறையில் அதே ரூட் பிரிவிலேயே சேமிக்க விட்டிருந்தால் முதல் நகலே கணினியின் முழு அளவுக்கு வந்துவிடும். அடுத்தடுத்த நகல்கள் மாறாத கோப்புகளை மறுபடி நகலெடுக்காமல் பழைய நகலுக்கே வன்இணைப்பு போட்டுக்கொள்வதால் அதிகம் பிடிக்காது. என் தங்கையின் மடிக்கணினியில் இப்படித்தான் நிரம்பியது.


கருப்பட்டி | செவ்வாய், காலை 9.48

மாடித்தோட்டம் அவர்கள் சொல்வது பலருக்கு நேர்வதுதான். ஆனால் டைம்ஷிஃப்ட் நகல் ரூட்டில் இருந்திருந்தால் டியு பட்டியலில் டைம்ஷிஃப்ட் என்ற பெயரிலேயே ஒரு பெரிய வரி வந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை.

பூதம் வார் அல்ல. டிஎஃப் சொல்லும் எண்ணையும் டியு சொல்லும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 28 ஜி பயன்பட்டிருக்கிறது என்கிறது டிஎஃப். டியு வீடு வீடாகப் போய் எண்ணியதில் 18.5 ஜிதான் தேறுகிறது. இடையில் கிட்டத்தட்ட 9.5 ஜி இருக்கிறது. அதை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் ஆள் இல்லை. இந்த இரு கணக்கும் சில நூறு எம்பி வேறுபடுவது சாதாரணம். 9 ஜி வேறுபடுவது சாதாரணமல்ல.

அதைத் தேடுவதற்கு முன், கணினி மூச்சுவிட வேண்டும் என்பதற்காக ஆபத்தில்லாத மூன்று துப்புரவுகளைச் செய்துகொள்ளுங்கள்.

'சுடோ ஏபிடி கிளீன்' என்பது இறக்கி நிறுவி முடித்த பொதிகளின் மூலக் கோப்புகளை அகற்றும். 'சுடோ ஜர்னல்சிடிஎல் --வாக்கியூம்-சைஸ்=200எம்' என்பது பழைய பதிவேடுகளைக் குறைக்கும். கணினியின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் பதிவேடு, தன் போக்கில் விட்டால் கோப்பு முறைமையின் பத்து விழுக்காடு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வளரக்கூடியது. 30 ஜிபிக்கு அது 3 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, 'ஸ்னாப் லிஸ்ட் --ஆல்' கொடுத்தால் சில வரிகளின் இறுதியில் டிசேபிள்டு என்றிருக்கும். அவை முந்தைய பதிப்புகள். புதியது சரிப்படாவிட்டால் பின்வாங்குவதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு பழையதை உபுண்டு வைத்திருக்கும். அவற்றை ரிவிஷன் எண்ணைக் குறிப்பிட்டு நீக்கலாம்.

பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் கரு) இருந்தால் 'சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' அவற்றைப் பார்த்துக்கொள்ளும். பூட் கோப்புறைக்குள் போய்க் கையால் அழிக்கும் வழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.


அச்சுக்கோப்பு | செவ்வாய், பிற்பகல் 1.30

மூன்றையும் செய்தேன். ஏபிடியில் 0.9, பதிவேட்டில் 1.1, ஸ்னாப்பில் 1.2 என்று மொத்தம் 3.2 ஜி விடுபட்டது. ஆட்டோரிமூவ் நீக்குவதற்கு ஒன்றும் இல்லை என்றது. இப்போது டிஎஃப், பயன்பட்டது 25 ஜி, மீதம் 3.2 ஜி, 89 விழுக்காடு என்கிறது. காலையில் நின்றுபோன பத்திரிகை வேலையை அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். டியு இப்போது 15.3 காட்டுகிறது. ஐயா சொன்ன வேறுபாடு அப்படியே நிற்கிறது!


முனையவாசி | செவ்வாய், பிற்பகல் 2.10

துப்புரவு செய்தும் வேறுபாடு இம்மியும் அசையவில்லை என்பதே நல்ல துப்பு. மறைந்திருப்பது கேஷும் இல்லை, பதிவேடும் இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த நிலைக்கு வழக்கமான முதல் குற்றவாளி, அழிக்கப்பட்டும் சாகாத கோப்பு. ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது நாம் அதை அழித்தால், கோப்புறையிலிருந்து பெயர்தான் நீங்கும். அந்த நிரல் கையை விடும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. பெயரே இல்லாததால் டியுவின் கண்ணில் அது படாது, ஆனால் டிஎஃப் அதை எண்ணிக்கொண்டிருக்கும். பெருத்துப்போன பதிவுக் கோப்பை ஓடும் சேவையின் காலடியிலிருந்து உருவுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அத்தகைய கோப்புகளைப் பட்டியலிட 'சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று கொடுத்துப் பாருங்கள். அதில் கூட்டல் குறியை அடுத்து வரும் எல் மட்டும் பெரிய எழுத்து.


அச்சுக்கோப்பு | செவ்வாய், பிற்பகல் 3.25

கொடுத்துப் பார்த்தேன். ஆறேழு வரிகள் வந்தன. எல்லாம் சில கேபி அளவுள்ளவை. கணினியையும் ஒரு முறை அணைத்து இயக்கிவிட்டேன். 25 ஜி அப்படியே இருக்கிறது.


கருப்பட்டி | செவ்வாய், மாலை 6.40

மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிற்கிறதென்றால் அது திறந்த கோப்பாக இருக்க வழியில்லை. எல்லா நிரல்களும் கைவிட்டுத்தான் ஆகவேண்டும். அடுத்த ஐயம் ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

லினக்ஸில் ஒரு வட்டை ஏற்றுவதென்றால், ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்புறையின் மேல் அதை விரிக்கிறோம். கீழே அந்தக் கோப்புறைக்குள் ஏதாவது கிடந்தால் அது அழிவதில்லை, மறைந்துபோகிறது, அவ்வளவே. தரையில் சில்லறையைச் சிதறவிட்டு அதன் மேல் பாயை விரித்தால் பாய்தான் தெரியும்; சில்லறை பாயின் அடியில் பத்திரமாக இருக்கும். டியு பாயின் மேல் நடப்பது. டிஎஃப் தரையைக் கேட்பது.

ஆகவே இரண்டு கேள்விகள். ஹோமைத் தவிர வேறு எதையேனும் நிலையான கோப்புறையில் ஏற்றுகிறீர்களா? அந்தக் கோப்புறைக்குள் தானாக எழுதும் நிரல் ஏதேனும் உண்டா?


அச்சுக்கோப்பு | செவ்வாய், இரவு 9.15

படித்ததும் சற்றுத் திகைத்துவிட்டேன். இரண்டும் உண்டு ஐயா. 1 டிபி வெளி வட்டு ஒன்று வைத்திருக்கிறேன். /எம்என்டி/நகல் என்ற கோப்புறையில் அது தானாக ஏறும்படி அந்தத் தம்பி எஃப்எஸ்டேப் என்ற வட்டுப் பட்டியல் கோப்பில் எழுதிக் கொடுத்தார். நள்ளிரவு 12 மணிக்கு ஹோமில் உள்ள வேலைக் கோப்புறையை ஆர்சிங்க் மூலம் அதற்குள் நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று ரூட் பயனரின் கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் ஏற்பாடு) இருக்கிறது. கணினியை இரவில் அணைப்பதில்லை.

எஃப்எஸ்டேப் வரியைப் பார்த்தேன். அதில் நோஃபெயில் என்று இருக்கிறது. அதுதான் தவறா?


முனையவாசி | செவ்வாய், இரவு 9.40

நோஃபெயில் போட்டது தவறில்லை. போடாமல் இருந்திருந்தால்தான் தவறு. அது இல்லாதபோது வெளி வட்டு செருகப்படாமல் கணினி தொடங்கினால், சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசரநிலை முனையத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கும் வேளையில் கறுப்புத் திரை வந்து நிற்பது யாருக்கும் வேண்டாம்.

ஆனால் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வட்டு இல்லாவிட்டாலும் /எம்என்டி/நகல் என்ற வெறுங்கோப்புறை ரூட் பிரிவில் இருந்துகொண்டேதான் இருக்கும். வட்டு இருக்கிறதா இல்லையா என்று ஆர்சிங்க் கேட்பதில்லை. கோப்புறை இருந்தால் எழுதிவிடும். இந்த மூன்று வாரத்தில் எந்த இரவாவது வெளி வட்டைக் கழற்றி எடுத்துச் சென்றீர்களா?


அச்சுக்கோப்பு | செவ்வாய், இரவு 10.05

ஆம். நிறுவிய முதல் வாரத்தில் ஒரு நாள், புகைப்படம் எடுக்கும் நண்பர் படங்களை ஏற்றித் தருவதாகச் சொன்னதால் வட்டைக் கழற்றி அவர் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலைதான் திரும்பக் கொண்டுவந்து செருகிக் கணினியை மறுபடி தொடங்கினேன். அப்போது ஹோமுக்கு மாற்றியிருந்த பழைய வேலைகள் 9 ஜிபிக்குச் சற்று மேல் இருக்கும். கணக்கு சரியாக வருகிறது!


மாடித்தோட்டம் | செவ்வாய், இரவு 10.20

ஒரே இரவில் விழுந்த 9 ஜிபி, இரண்டு வாரம் கழித்துப் புதுப்பித்தல்களும் பதிவேடுகளும் சேர்ந்த பிறகுதான் வட்டை முட்டியிருக்கிறது. அதனால்தான் ஸ்டுடியோவுக்குப் போன நாளையும் இதையும் நீங்கள் இணைத்துப் பார்க்கவில்லை. யாராக இருந்தாலும் இணைத்திருக்க மாட்டார்கள்.


கருப்பட்டி | செவ்வாய், இரவு 10.45

இனி அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி. முதலில் எச்சரிக்கை: /எம்என்டி/நகல் என்ற பாதையில் எதையும் அழிக்காதீர்கள். வட்டு ஏறியிருக்கும்போது அந்தப் பாதையில் அழித்தால் போவது உங்கள் உண்மையான நகல். பாயின் அடியில் கிடப்பதற்கு ஒன்றும் ஆகாது.

பாயை எடுக்காமலே தரையைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது:

சுடோ எம்கேடிர் /எம்என்டி/தரை
சுடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/தரை
சுடோ டியு -எச் -டி1 /எம்என்டி/தரை/எம்என்டி

பைண்ட் என்பது ரூட் பிரிவை மட்டும் இன்னொரு வாசல் வழியாகத் திறந்துகாட்டும். அதன் மேல் ஏற்றப்பட்ட பிற வட்டுகள் அந்த வாசலில் தெரியா. 'ஆர்பைண்ட்' என்று மாற்றித் தட்டிவிடாதீர்கள், அது எல்லாவற்றையும் கூடவே இழுத்துவரும்.


அவசரக்காரன் | செவ்வாய், இரவு 10.58

வெளி வட்டை யுமவுண்ட் செய்து இறக்கிவிட்டு அதே கோப்புறையைத் திறந்து பார்த்தால் போதாதா? இம்முறை பொறுமையாக யோசித்துத்தான் கேட்கிறேன்.


கருப்பட்டி | செவ்வாய், இரவு 11.10

போதும், இந்த இடத்தில் அது இன்னும் எளிய வழியே. ஆனால் அப்போது மறைந்த கோப்புகளை வட்டில் உள்ள நகலோடு ஒப்பிட முடியாமற்போகும், ஏனென்றால் இரண்டுக்கும் பாதை ஒன்று. பைண்ட் முறையில் இரண்டும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும். ஹோமின் அடியில் மறைந்திருப்பதைப் பார்க்க வேண்டி வந்தாலும், ஓடும் கணினியில் ஹோமைக் கழற்ற முடியாது என்பதால் பைண்ட்தான் கைகொடுக்கும்.


அச்சுக்கோப்பு | புதன், காலை 7.50

விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். /எம்என்டி/தரை/எம்என்டி/நகல் என்பதற்குள் 9.4 ஜி இருக்கிறது. என் வேலைக் கோப்புறை அப்படியே அச்சுப் பிசகாமல், அந்த நாளின் தேதியோடு கிடக்கிறது. உடனே அழித்துவிடலாமா?


முனையவாசி | புதன், காலை 8.30

இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். 'ஆர்சிங்க் -ஏஎன்வி --இக்னோர்-எக்சிஸ்டிங்' என்று தொடங்கி, மூலமாக மறைந்த கோப்புறையையும், சேருமிடமாக ஹோமில் உள்ள வேலைக் கோப்புறையையும் கொடுங்கள். இரண்டு பாதைகளின் இறுதியிலும் சாய்கோடு இருக்கட்டும். அதிலுள்ள 'என்' என்ற எழுத்து ஒத்திகைக்கானது. ஒரு கோப்பையும் தொடாமல், மறைந்த நகலில் இருந்து ஹோமில் இல்லாதவற்றை மட்டும் பட்டியலிடும்.


அச்சுக்கோப்பு | புதன், காலை 9.20

மூன்று கோப்புகள் வந்தன. இரண்டு சோதனைக்காகச் செய்தவை. மூன்றாவது, ஒரு காதுகுத்து அழைப்பிதழின் இறுதி வடிவம். தவறுதலாக ஹோமில் அதை அழித்திருந்தேன். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் டிலீட் விருப்பம் ஸ்கிரிப்டில் இருப்பதால் அன்றிரவே வெளி வட்டிலும் அது போய்விட்டது. தாய்மாமன் பெயர்களை நிரல்படுத்துவதில் குடும்பத்தில் நடந்த சண்டையால் ஏழு முறை திருத்திய கோப்பு அது. போனவாரம் அதை மறுபடி முதலிலிருந்து கோத்துக் கொடுத்தேன். கேட்டிருந்தால் இந்தப் பாயின் அடியிலேயே கிடைத்திருக்கும்.

மூன்றையும் ஹோமுக்கு நகலெடுத்துக்கொண்டு, தரை வழியாக உள்ளே போய் மீதியை அழித்தேன். இப்போது டிஎஃப் சொல்வது: பயன்பட்டது 16 ஜி, மீதம் 13 ஜி, 55 விழுக்காடு.


கருப்பட்டி | புதன், காலை 10.00

நல்லது. முதலில் 'சுடோ யுமவுண்ட் /எம்என்டி/தரை' கொடுத்து அந்த வாசலை மூடிவிடுங்கள். பிறகு, இது மறுபடி நேராதிருக்க இரண்டு காரியங்கள் செய்யுங்கள். இரண்டுமே வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், ஆர்சிங்க் வரிக்கு முன்பாக, 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/நகல் || எக்ஸிட் 1' என்று ஒரு வரி சேருங்கள். வட்டு ஏறியிருக்காவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். அடுத்து, ஒரு முறை வெளி வட்டைக் கழற்றிவிட்டு, கோப்புறை காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, 'சுடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/நகல்' என்று கொடுங்கள். வெறுங்கோப்புறை பூட்டப்பட்டுவிடும்; அதன் பிறகு ரூட் பயனரே ஆனாலும் அதற்குள் ஒரு கோப்பைக்கூட உருவாக்க முடியாது. வட்டு மேலே ஏறுவதற்கு இந்தப் பூட்டு தடையாகாது.

டிலீட் விருப்பத்தைப் பற்றியும் யோசியுங்கள். நீங்கள் வைத்திருப்பது ஹோமின் நிழல். நேற்றைய கோப்பு நாளைக்கு வேண்டுமென்றால் அது தராது. ஆனால் அது வேறு இழைக்கான பேச்சு.


வடகரை | புதன், முற்பகல் 11.15

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறிய பிறகு என் சி டிரைவும் சிவந்துவிட்டது. அதற்கும் இதே வழியா?


மாடித்தோட்டம் | புதன், நண்பகல் 12.05

உங்களுடையது இதைவிட எளிது. மேம்படுத்தும்போது பழைய விண்டோஸ் முழுவதும் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையில் வைக்கப்படும். பத்து நாள் வரை பழையதற்குத் திரும்ப உதவும். அதன் பின் தானாகவே நீங்கும். காத்திருக்க முடியாதென்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் 'முந்தைய விண்டோஸ் நிறுவல்' என்பதைத் தேர்ந்து நீக்குங்கள். புதியது நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு செய்யுங்கள். திரும்பும் வழி அத்துடன் அடைபடும்.


அவசரக்காரன் | புதன், பிற்பகல் 2.40

அச்சுக்கோப்பு ஐயாவுக்கு ஒரு யோசனை. ரூட்டுக்கு 30 ஜிபி என்பதே குறைவு அல்லவா? பிரிவுகளின் அளவை மாற்றும் ஜிபார்ட்டட் கொண்டு 60 ஆக்கிவிடலாமே. அல்லது அந்த 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டையாவது டியூன்2எஃப்எஸ் மூலம் குறைக்கலாம்.


முனையவாசி | புதன், மாலை 5.30

உபுண்டு 24.04 கேட்கும் குறைந்த அளவே 25 ஜிபி. ஆகவே 30 என்பது இறுக்கமான சட்டைதான், ஆனால் கிழியும் சட்டை இல்லை. என்னைக் கேட்டால் ஹோமைத் தனியாகப் பிரித்திருக்கவே வேண்டாம். உபுண்டுவின் நிறுவல் நிரலும் தானாக அப்படிப் பிரிப்பதில்லை. ஒரே பிரிவாக இருந்திருந்தால் இடம் ஒரு பக்கம் பொங்கி ஒரு பக்கம் காய்ந்திருக்காது.

பெரிதாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ரூட்டின் வலப்பக்கத்தில் ஹோம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹோமின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும். அதாவது உள்ளிருக்கும் 46 ஜியையும் ஜிபார்ட்டட் பெயர்த்து வைக்கும். யுஎஸ்பியிலிருந்து தொடங்கித்தான் செய்ய முடியும், பாதியில் மின்சாரம் போனால் ஹோம் போனதாகவே வைத்துக்கொள்ளலாம். யுபிஎஸ் இல்லாத கடையில் அதை நான் செய்யச் சொல்ல மாட்டேன்.


கருப்பட்டி | புதன், மாலை 6.10

ஹோமைப் பிரித்ததில் எனக்கு மாற்றுக் கருத்து. கணினி நிறுவல் கெட்டுப்போனால் ரூட்டை மட்டும் அழித்துப் புதிதாக நிறுவலாம், வாடிக்கையாளர் கோப்புகள் அசையாமல் இருக்கும். தொழில் செய்யும் இடத்தில் அது சிறிய வசதி இல்லை. இந்தச் சம்பவத்திலேயே ரூட் நிரம்பியும் அவர் வேலைக் கோப்புகளைச் சேமிக்க முடிந்தது பிரித்திருந்ததால்தான்.

ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, ரூட்டில் அதைத் தொடாதீர்கள். ஆனால் ஹோமில் அதே 5 விழுக்காடு ஏறத்தாழ 9.5 ஜிபி ஆகிறது. அங்கே அதனால் பெரிய பயன் இல்லை. 'சுடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1' என்று கொடுத்து ஹோம் பிரிவின் பெயரைச் சேர்த்தால் ஒரு விழுக்காடாகக் குறையும். அந்த எம் சிறிய எழுத்தாகவே இருக்கட்டும். வெளி வட்டும் எக்ஸ்ட்4 ஆக இருந்தால் அதில் ஏறத்தாழ 46 ஜிபி இப்படி முடங்கிக் கிடக்கும்.


முனையவாசி | புதன், மாலை 6.25

ஒதுக்கீட்டில் உடன்படுகிறேன். பிரிவில் உடன்படவில்லை.


அச்சுக்கோப்பு | வெள்ளி, இரவு 8.50

இரண்டு நாள் கவனித்துவிட்டு எழுதுகிறேன். மவுண்ட்பாயிண்ட் வரியைச் சேர்த்தேன், வெறுங்கோப்புறையையும் பூட்டினேன். சோதிப்பதற்காக நேற்றிரவு வேண்டுமென்றே வெளி வட்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் ரூட் பிரிவில் ஒரு எம்பிகூடக் கூடவில்லை. வட்டில்லாத அந்தக் கோப்புறையில் நானே சுடோ போட்டு ஒரு கோப்பை உருவாக்க முயன்றேன். அனுமதியில்லை என்று சொல்லிவிட்டது. வட்டைச் செருகிக் கணினியை மறுபடி தொடங்கியதும் வழக்கம்போல ஏறிக்கொண்டது. ஹோமின் ஒதுக்கீட்டை ஒரு விழுக்காடாக்கியதில் ஏழரை ஜிபிக்கு மேல் கிடைத்தது. ரூட் இன்னும் 55 விழுக்காட்டில் நிற்கிறது.

பிரிவுகளை நகர்த்தும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. முதலில் யுபிஎஸ் வாங்க வேண்டும். தலைப்பில் 'தீர்ந்தது' என்று சேர்த்துவிடும்படி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.